போர்டில் 17, ரோட்டில் 12: ஃபோர் பை ஃபோர் வண்டியின் உண்மையான மைலேஜை நீங்களே கணக்கிடலாம்

"என்ன மாமா, புது வண்டி எப்படி ஓடுது?"

"வண்டி நல்லாத்தான் ஓடுது மாப்ள. பெட்ரோல்தான் நிக்க மாட்டேங்குது."

புதுக்கோட்டை பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், அறந்தாங்கி, மணமேல்குடி பக்கம் கடலோரம் தொழில் செய்பவர்கள், விராலிமலை பக்கம் வேலைக்குப் போய் வரும் இளைஞர்கள் எனப் பலருக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டி மேல் ஒரு கண் இருக்கிறது. உயரமான உடல், பெரிய டயர், எந்தப் பாதையிலும் போகலாம் என்ற நம்பிக்கை. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் வண்டி வாங்கும் நாளில் தவணைக்குக் கணக்குப் போடுகிற நாம், எரிபொருளுக்கு மட்டும் விளம்பரத்தில் இருக்கும் ஒரே ஒரு எண்ணை நம்பிவிடுகிறோம். மாதக் கடைசியில் கையைக் கடிப்பது அந்த எண்தான். அந்த எண் எங்கிருந்து வருகிறது, நம்ம ஊர் ரோட்டில் அது ஏன் குறைகிறது, உண்மையான எண்ணை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கேயாவது தவறு நடந்தால் யாரிடம் போவது? இந்தப் பாடத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். மொபைலில் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு பணக் கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாருதி சுசூகி ஜிம்னி வண்டிக்கு (கையால் கியர் மாற்றும் மாடல்) சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 16.94 கி.மீ. ஆட்டோமேட்டிக் மாடலுக்கு 16.39 கி.மீ. இது ஒரு எடுத்துக்காட்டுதான், பரிந்துரை அல்ல. இதே கணக்கை எந்த வண்டிக்கும் போடலாம்.

நீங்கள் மாதம் 1,500 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16.94 என்ற எண்ணை நம்பினால் மாதம் சுமார் 88.5 லிட்டர் போதும். ஆனால் உங்கள் ஓட்டத்தில் 12 கி.மீ.தான் கிடைக்கிறது என்றால் 125 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 36.5 லிட்டர். கணக்கு சுலபமாக இருக்க லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மாதம் சுமார் 3,650 ரூபாய் கூடுதல். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 44,000 ரூபாய். ஐந்து வருடத் தவணை முடியும்போது 2 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதாவது, வண்டி விலையில் பேரம் பேசி நீங்கள் மிச்சம் பிடித்ததை விட அதிகமான பணம் சத்தமில்லாமல் டேங்க் வழியாகப் போய்விடுகிறது. வண்டி மேல் தப்பில்லை. நாம் போட்ட பட்ஜெட்தான் தப்பு.

அந்த எண் எங்கே பிறக்கிறது?

இந்தியாவில் கார்களின் மைலேஜ் எண், ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனங்களின் ஆய்வகத்தில் கிடைக்கிறது. புனேயில் இருக்கும் இந்திய ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி சங்கத்தின் சுருக்கப் பெயர்தான் ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கே வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். எப்போது வேகம் எடுக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று விநாடி விநாடியாக எழுதிய ஓர் அட்டவணை இருக்கிறது. 'மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி' என்று அதற்குப் பெயர்.

அந்தச் சோதனையின் விவரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள்:

• மொத்த நேரம் 1,180 விநாடி. இருபது நிமிடம்கூட இல்லை.
• மொத்தத் தூரம் சுமார் 10.6 கி.மீ. அதாவது சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. அளவில்தான்.
• அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. அதுவும் கொஞ்ச நேரம்தான்.
• சோதனை அறையின் வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள்.
• ஏ.சி. ஓடாது.

இப்போது சித்திரை மாத மதிய வெயிலில், ஏ.சி. போட்டு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, பின்னால் இரண்டு மூட்டை, மேலே கேரியரோடு திருச்சிக்குப் போகும் உங்கள் வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பரீட்சை இல்லை, சரிதானே?

அப்படியானால் அந்த எண் பொய்யா? இல்லை. எல்லா வண்டிகளும் ஒரே பரீட்சையை எழுதுவதால், ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அந்த எண் நன்றாக உதவும். உங்கள் வீட்டு பட்ஜெட் போட மட்டும் அது உதவாது. ஒப்பிட அந்த எண், செலவுக்கு உங்கள் எண். இதை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதில் ஃபோர் பை ஃபோர் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஒரே பெயரில் இரண்டு சக்கர இழுவை மாடலும், நான்கு சக்கர இழுவை மாடலும் விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் எந்த மாடலுக்கானது என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் அதே என்ஜின், அதே கியர், அதே இழுவை வகைக்கான எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கரமும் இழுத்தால் ஏன் கூடுதல் எரிபொருள்?

சாதாரண காரில் என்ஜினின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குப் போகிறது. ஃபோர் பை ஃபோரில் அதை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்க 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற தனிப் பெட்டி இருக்கிறது. கூடவே இன்னொரு டிஃபரன்ஷியல், இன்னொரு நீளமான சுழல் தண்டு, இன்னும் இரண்டு அச்சுத் தண்டுகள். இவை எல்லாம் எடை. நீங்கள் 4எச் போடாமல் சாதாரணமாக ஓட்டும்போதும் அந்த எடையைச் சுமந்துகொண்டுதான் போகிறீர்கள். பல வண்டிகளில், இரண்டு சக்கர நிலையிலும் முன்பக்கத்துத் தண்டுகள் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். அந்த எண்ணெயையும் பற்சக்கரங்களையும் சுழற்றுவதற்கும் எரிபொருள்தான் செலவாகிறது.

இரண்டாவது, உடலமைப்பு. பெட்டி மாதிரி உயரமான வண்டி காற்றைக் கிழித்துப் போகாது. முட்டித் தள்ளிக்கொண்டு போகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடுகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு சுமார் 55 கி.மீ. சீராக 80-ல் போனால் 41 நிமிடம், 100-ல் போனால் 33 நிமிடம். எட்டு நிமிடத்துக்காக நாம் கொடுக்கும் விலை அது.

மூன்றாவது, டயர். சேற்றில் பிடிமானம் தரும் பெரிய கட்டை வைத்த டயர், தார் ரோட்டில் கூடுதலாக உரசும். 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தமும் உங்கள் டேங்கிலிருந்துதான் வருகிறது.

2எச், 4எச், 4எல்: எதை எப்போது போடுவது?

நம் நாட்டில் ஜீப்பின் கதை 1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியதிலிருந்து வருகிறது. அன்று அந்த ஜீப்பில் இருந்த அடிப்படை ஏற்பாடுதான் இன்றைய தார், ஜிம்னி போன்ற வண்டிகளிலும் இருக்கிறது. இதைப் பகுதி நேர நான்கு சக்கர இழுவை என்பார்கள். வேண்டும்போது மட்டும் நாம்தான் போட வேண்டும்.

2எச்: தார் ரோடு, சிமெண்ட் ரோடு, கெட்டியான செம்மண் ரோடு எல்லாவற்றுக்கும் இதுதான். புதுக்கோட்டையில் உங்கள் ஓட்டத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கும்.

4எச்: சேறு, மணல், மழையில் வழுக்கும் மண் பாதைக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்கரைப் பாதையில் போகும்போது இது கை கொடுக்கும். தார் ரோட்டுக்கு ஏறியதும் மறக்காமல் 2எச்-க்கு மாற்றிவிடுங்கள்.

4எல்: மிக மெதுவாக, மிகுந்த இழுவிசையோடு போக. பள்ளத்தில் மாட்டிய வண்டியை வெளியே எடுக்க, செங்குத்தான மேட்டில் ஏற. இதில் அதே வேகத்துக்கு என்ஜின் இரண்டு மடங்கு அளவுக்கு, சில வண்டிகளில் அதற்கு மேலும், சுற்ற வேண்டியிருக்கும். அதனால் எரிபொருள் அதிகம். ஆனால் போகும் தூரம் சில நூறு மீட்டர்தான் என்பதால் மாதக் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது.

இங்கே பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. "4எச் போட்டா வண்டி ரோட்டைக் கெட்டியாப் பிடிக்கும்" என்று காய்ந்த தார் ரோட்டிலும் 4எச்-லேயே ஓட்டுவது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடக் கொஞ்சம் அதிகத் தூரம் போக வேண்டும். பகுதி நேர ஏற்பாட்டில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால் அந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லை. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கம் பற்சக்கரங்களில் ஏறும். டயர் தேயும், ஸ்டியரிங் இறுகும், எரிபொருள் வீணாகும், கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே செலவு வரும். அந்த ஒரு பழுதின் பில், பல மாத எரிபொருள் சேமிப்பை விழுங்கிவிடும்.

எப்போதும் நான்கு சக்கரமும் தானாக இயங்கும் 'ஆல் வீல் டிரைவ்' வண்டிகள் வேறு வகை. அவற்றில் அச்சுகளுக்கு இடையே வித்தியாசத்தைச் சமாளிக்கும் அமைப்பு இருக்கும். உங்களுடையது எந்த வகை என்று வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊரில் மைலேஜைக் குறைக்கும் விஷயங்கள்

அமெரிக்க எரிசக்தித் துறை பொதுமக்களுக்காக வெளியிட்டிருக்கும் சில அளவுகள் நமக்கும் பொருந்தும். எது பெரிய ஓட்டை, எது சின்ன ஓட்டை என்று தெரிந்துகொண்டால் எதை முதலில் அடைப்பது என்று புரியும்.

ஏ.சி.: கடும் வெயிலில், முக்கியமாகக் குறுகிய ஓட்டங்களில், ஏ.சி. மைலேஜை 25 சதவீதத்துக்கும் மேல் குறைக்கலாம். வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள். முடிந்தால் புளிய மர நிழலில் நிறுத்துங்கள்.

மேல் கேரியர்: மேலே பெரிய பெட்டி வைத்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரையும், விரைவுச் சாலை வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரையும் மைலேஜ் குறையும். சுமை இல்லாத நாளில் கழற்றி வீட்டில் வையுங்கள்.

எடை: 45 கிலோ கூடுதல் சுமைக்குச் சுமார் 1 சதவீதம். பத்துப் பலாப்பழம் ஏற்றினால் 100 கிலோ என்று வைத்தாலும் 2 சதவீதம்தான். அதனால் பழத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைக் கூரை மேல் கட்டாமல் உள்ளே வையுங்கள், அவ்வளவுதான்.

டயர் காற்று: 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம். நான்கு டயரிலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் 2 சதவீதம். கேட்கச் சின்னதுதான். ஆனால் டயர் ஓரம் தேய்வதும், சூடேறி வெடிக்கும் ஆபத்தும் சேர்ந்தே வரும். மணலில் ஏற காற்றைக் குறைப்பவர்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பாமல் ஓட்டவே கூடாது.

குறுகிய ஓட்டம்: வீட்டிலிருந்து கீழ ராஜ வீதி கடைக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு இரண்டு கி.மீ. ஓட்டினால் என்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இது இன்னொரு வகையிலும் செலவு. புகைத்துகள் வடிகட்டியில் படியும் கரியை எரித்துச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதல் டீசல் செலவழிக்கும். வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீராக ஓட்டினால் வடிகட்டி தானே சுத்தமாக வழி கிடைக்கும்.

எத்தனால்: இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கை, பழைய வடிவமைப்பு நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதமும், 20 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று மதிப்பிட்டது. பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை: டேங்க் டு டேங்க்

இப்போது முக்கியமான பாடம். வண்டியின் திரையில் தெரியும் மைலேஜ் ஒரு மதிப்பீடுதான். உண்மையான எண் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. நீங்கள் வழக்கமாகப் போகும் பங்க்கில், துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் "இன்னும் கொஞ்சம்" என்று திணிக்க வேண்டாம். அது வண்டிக்கும் நல்லதல்ல, கணக்கும் கெடும்.
2. ஒடோமீட்டரை மொபைலில் படம் எடுங்கள். பில்லையும் படம் எடுங்கள்.
3. எப்போதும் போல ஓட்டுங்கள். மைலேஜ் பார்க்கிறோம் என்று மெதுவாக ஓட்டி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.
4. டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும், அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். மறுபடி இரண்டு படம்.
5. ஓடிய கி.மீ.யை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுங்கள்.
6. ஒரு முறையோடு முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று முறை செய்யுங்கள்.

மூன்று முறை செய்த பிறகு சராசரி எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு முறை நெடுஞ்சாலையில் 420 கி.மீ. ஓட்டி 30 லிட்டர் செலவானது. மைலேஜ் 14. இன்னொரு முறை சேற்றுப் பாதையில் 64 கி.மீ. ஓட்டி 8 லிட்டர். மைலேஜ் 8. பதினாலையும் எட்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 11 என்று சொன்னால் தப்பு. மொத்தக் கி.மீ. 484, மொத்த லிட்டர் 38, ஆக உண்மையான சராசரி 12.7. கி.மீ.யைத் தனியாகக் கூட்டுங்கள், லிட்டரைத் தனியாகக் கூட்டுங்கள், கடைசியில் வகுங்கள்.

இன்னொரு சூட்சுமம். கம்பெனி அளவை விடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஒடோமீட்டர் குறைவாகக் காட்டும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது நீங்கள் 105 கி.மீ. ஓடியிருப்பீர்கள். மொபைல் மேப்பில் தெரியும் தூரத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கம்பி எடையையும் கூட்டும், விபத்தில் ஆபத்தையும் கூட்டும்.

மைலேஜைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

"லிட்டருக்கு 2 கி.மீ. கூடுச்சு" என்றால் எல்லோருக்கும் ஒரே லாபம் இல்லை. 16 கி.மீ. தரும் கார் 18 தந்தால், 1,000 கி.மீ.க்கு சுமார் 7 லிட்டர் மிச்சம். 10 கி.மீ. தரும் ஜீப் 12 தந்தால், அதே 1,000 கி.மீ.க்கு சுமார் 17 லிட்டர் மிச்சம். அதனால் "ஜீப்புன்னா அப்படித்தான் குடிக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். கூடுதலாகக் குடிக்கும் வண்டியில்தான் சின்னத் திருத்தத்துக்கும் பெரிய பலன்.

பங்க்கில் உங்கள் உரிமை

திடீரென்று மைலேஜ் விழுந்தால் வண்டியை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அளவையும் சரிபார்க்கலாம். அது உங்கள் உரிமை.

• பம்ப்பில் '0' காட்டுவதைப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள்.
• அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 5 லிட்டருக்கு 25 மில்லி லிட்டர் வரையான வித்தியாசமே அனுமதிக்கப்பட்டது.
• தரத்தில் சந்தேகம் இருந்தால் வடிதாள் சோதனை செய்யச் சொல்லலாம். அடர்த்தி விவரத்தையும் கேட்கலாம்.
• "காலையில அடிச்சா கூட வரும்" என்ற பேச்சை நம்பி அதிகாலையில் ஓட வேண்டாம். எரிபொருள் நிலத்தடித் தொட்டியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் வெப்ப வித்தியாசம் மிகக் குறைவு.

அளவு குறைந்தால், நம் மாநிலத்தில் சட்டமுறை எடையளவுப் பணியைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதல்வரின் முகவரி உதவி எண் 1100 ஆகியவற்றிலும் சொல்லலாம். பில், நேரம், பம்ப் எண் மூன்றும் கையில் இருக்கட்டும்.

வாக்குறுதி பொய்த்தால்?

சோதனைக்கூட எண்ணை விட ரோட்டில் குறைவது இயல்பு. ஆனால் எவ்வளவு குறைந்தால் இயல்பு? இதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கு நல்ல பாடம். அது ஃபோர் பை ஃபோர் அல்ல, சாதாரண டீசல் கார். 2014-ல் வாங்கியவர், லிட்டருக்கு 32 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பியதாகத் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். ஆணையம் நியமித்த நிபுணர் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது 20 கி.மீ.கூட வரவில்லை. 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் தரும்படி ஆணையம் உத்தரவிட்டது. அவரிடம் விளம்பரத் தாள் இருந்தது, முறையான சோதனை நடந்தது. அதனால்தான் வழக்கு நின்றது.

நீங்களும் விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் சொன்ன எண்ணை அழிக்காதீர்கள். டேங்க் டு டேங்க் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். அதாவது புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி: உங்களுக்கு ஃபோர் பை ஃபோர் வேண்டுமா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன. "அன்னைக்கு ஒரு ஃபோர் பை ஃபோர் இருந்திருந்தா" என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. யோசித்துப் பாருங்கள். குறுக்கே தென்னை விழுந்த ரோட்டில் எத்தனை சக்கரம் இழுத்தாலும் வண்டி தாண்டாது. மரம் அறுக்கும் இயந்திரம்தான் வழி திறக்கும். அதே போல, ரோட்டுக்கு மேல் வெள்ளம் ஓடும்போது ஃபோர் பை ஃபோர் என்ற தைரியத்தில் இறங்கவே கூடாது. ஓடும் நீர் பெரிய வண்டியையும் தள்ளிவிடும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். போன வருடம் எத்தனை நாள் உங்கள் இப்போதைய வண்டி மண்ணில் மாட்டியது? தோப்புக்குள் போகும் கடைசி அரை கி.மீ. பாதைக்குச் சரளை போட்டால் எவ்வளவு ஆகும்? அந்தச் சில நாளுக்கு டிராக்டர் வாடகை எவ்வளவு? இதை ஒரு பக்கம் கூட்டுங்கள். கூடுதல் விலையையும், உங்கள் ஓட்டத்துக்கான கூடுதல் எரிபொருளையும் இன்னொரு பக்கம் கூட்டுங்கள்.

மாட்டிய நாட்கள் நாற்பது, ஐம்பது என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். வேலைக்காரனுக்கு ஏற்ற கூலி அது. மூன்று, நான்கு நாள்தான் என்று வந்தால், உயரமான இரண்டு சக்கர இழுவை வண்டியும் நல்ல டயரும் போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். இன்றைக்கே டேங்கை நிரப்பி முதல் படத்தை எடுங்கள். மேல் கேரியரைக் கழற்றுங்கள், காற்றைச் சரிபாருங்கள், லீவரை 2எச்-ல் வையுங்கள். மூன்று டேங்க் கழித்து உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். அடுத்த முறை டீக்கடையில் மாப்பிள்ளை கேட்டால், போர்டில் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டாம். உங்கள் எண்ணையே சொல்லலாம்.